தூசி தட்டுகிறவர்களும் எண் போடுகிறவர்களும்

நூலக அறிவியல் படிக்கிறேன் என்று சொன்னால் இரண்டு பக்கத்திலிருந்தும் கேள்வி வருகிறது. எங்க அம்மா கேட்டது: "புக்க எடுத்து அடுக்கறதுக்கு இன்னாத்துக்குடி வருசக் கணக்கா படிப்பு?" இயக்கத்துத் தோழர் ஒருவர் கேட்டது: "தமிழ் எம்.ஏ. முடிச்சிட்டு மேடையில பேசிக்கிட்டிருந்த நீங்க இப்ப சர்டிபிகேட்டுக்குப் பின்னால ஓடலாமா?" அம்மாவுக்கு இது படிப்பே இல்லை. தோழருக்கு இது வெறும் பிழைப்பு. இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பம்மலில் இருக்கிறேன். வேலை செய்வது தெற்குப் புறநகரில் ஒரு தனியார் கல்லூரி நூலகத்தில். பெயர் வேண்டாம். ஒரு கல்லூரியின் பெயரைச் சொன்னால் மற்றதெல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும். வேலைக்குப் பெயர் லைப்ரரி அசிஸ்டென்ட். காலை 8.30க்கு உள்ளே இருக்கணும். சாயங்காலம் 5.15க்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பலாம். சனிக்கிழமையும் உண்டு. புதுப் புத்தகம் வந்தால் முத்திரை குத்துவது, சேர்க்கைப் பதிவேட்டில் ஏற்றுவது, பார்கோடு ஒட்டுவது, முதுகில் எண் சீட்டு ஒட்டுவது, மாணவர் திருப்பித் தந்ததை மறுபடி இடம் பார்த்து அடுக்குவது, வருஷத்துக்கு ஒருமுறை மொத்தத்தையும் எண்ணிச் சரி பார்ப்பது. இவ்வளவும் என் வேலை. கோஹா என்ற மென்பொருளில் எது எங்கே இருக்கிறது என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். ஒன்றை மட்டும் நான் செய்யக் கூடாது. ஒரு புத்தகம் எந்தப் பொருளைச் சேர்ந்தது, அதற்கு என்ன எண் என்று தீர்மானிக்கக் கூடாது. எண்ணை ஒட்டலாம், போடக் கூடாது.

கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கள். எங்கள் நூலகத்தில் தூசி தட்டுகிற அக்கா இரண்டு பேரும் சேரி. புத்தக மூட்டை இறக்குகிற அண்ணன் சேரி. சீட்டு ஒட்டுகிற நான் சேரி. எண் போடுகிற மேசையில் ஒருவர்கூடச் சேரி இல்லை. யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு இப்படி வைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். கேட்டால் 'குவாலிபிகேஷன்' என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுவார்கள். "நீங்களும் வாங்கிக்கிட வேண்டியதுதானே?" என்பார்கள். வாங்கலாம். ஆனால் அதைக் காசு கொடுத்து மட்டும் வாங்க முடியாது. நேரம் கொடுத்து வாங்கணும். அந்த நேரம் யாரிடம் இருக்கிறது?

ஊரில் நிலம் யாரிடம் இருந்ததோ அவர்களிடம்தான் நேரமும் இருந்தது. இதை நாம் அதிகம் பேசுவதில்லை. நிலம், கோயில், குளம், சுடுகாடு, பொதுப்பாதை என்று மறுக்கப்பட்டதன் பட்டியல் நம்மிடம் இருக்கிறது. பொழுது மறுக்கப்பட்டதற்குக் கணக்கு இல்லை. எங்க ஆயா அடுத்தவன் வயலில் இருட்டோடு இறங்கி இருட்டோடு கரை ஏறியது. எங்க நைனா பம்மலுக்கும் நாகல்கேணிக்கும் நடுவில் தோல் கம்பெனி தோல் கம்பெனியாக வேலை பார்த்தார். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை இழுத்துப் போட்டு மயிர் நீக்குகிற வேலை. சாயங்காலம் வந்தால் கை விரலை மடக்க முடியாது. பென்சில் பிடிக்காத விரல் என்று அதைச் சொல்லாதீர்கள். பிடிக்க நேரம் தரப்படாத விரல். 1996இல் டேனரிகள் விஷயத்தில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அந்தக் காலத்தில் நைனாவுக்கு வேலை போயிற்று. அதன் பிறகு வாட்ச்மேன். ராத்திரியும் போயிற்று.

என் கணக்கைச் சொல்கிறேன். காலையில் 4.30க்கு எழுந்தால் 5.30 வரை படிக்கலாம். தண்ணி வருகிற நாளாக இருந்தால் அதுவும் இல்லை. பிடித்து வைக்கணும். தோல் கழிவு இறங்கிக் கெட்டுப் போன நிலத்தடி நீர் எங்க பக்கத்தது. குடிக்க வாங்குவது கேன் தண்ணி. 5.30க்கு அடுப்பு. என் துணைவருக்கு மீனம்பாக்கத்தில் சரக்கு ஏற்றுகிற வேலை, மாறி மாறி ஷிப்டு. ராத்திரி ஷிப்டு முடிந்து அவர் வந்தால்தான் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. இல்லாத வாரம் என் பொறுப்பு. ஷேர் ஆட்டோ பிடித்துப் பல்லாவரம் ஸ்டேஷன், அங்கிருந்து தாம்பரம், அங்கிருந்து கல்லூரி பஸ். ரயிலில் நிற்க இடம் கிடைத்தால் பத்துப் பக்கம். உட்கார இடம் கிடைத்தால் தூக்கம் வந்துவிடும். அதனால் நிற்பதே நல்லது. ராத்திரி 10 மணிக்கு மேல் மறுபடி ஒரு மணி நேரம். ஆக ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், அதுவும் துண்டு துண்டாக. இதில் கூட்டம் இருக்கிறது, துண்டறிக்கை எழுதுவது இருக்கிறது, யாராவது போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் போவது இருக்கிறது. சேரியில் நாலு எழுத்து படித்தவளுக்கு 'இன்னிக்கி முடியாது' என்று சொல்கிற உரிமை கிடையாது.

நேர்முக வகுப்பு சனி, ஞாயிறில் நடக்கும். சனிக்கிழமை வகுப்புக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் பிடித்தம். ஞாயிற்றுக்கிழமை ரயில் குறைவு. பரீட்சைக்கு லீவு கேட்டால் "அஞ்சல்வழிப் படிப்புக்கெல்லாம் ஸ்டடி லீவு கிடையாதும்மா" என்றார்கள். ஏலச் சீட்டு எடுத்துத்தான் பணம் கட்டினேன். அந்த வகுப்பில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தால் தெரியும், யாரெல்லாம் என்று. மாதத்துக்குக் கொஞ்சம் மதிப்பூதியம் வாங்கிக்கொண்டு பகுதி நேர நூலகத்தின் சாவியை வைத்திருக்கிற அண்ணன். பள்ளிக்கூடத்தில் பியூன் வேலையோடு நூலக அறையையும் பெருக்குகிற தம்பி. கைக்குழந்தையை வெளியே மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிற தங்கச்சி. மதியம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தால் யார் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள் என்பது பேசாமலே புரிந்துவிடும்.

இந்தப் படிப்பைத்தான் இரண்டாந்தரம் என்கிறார்கள். 'ரெகுலரா, கரஸ்ஸா?' என்று நேர்காணலில் முதல் கேள்வி அதுதான். சென்னைப் பல்கலைக் கழகத்தின் அஞ்சல்வழிக் கல்வி நிறுவனம் 1981இல் வந்தது. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக் கழகம் 1985இல் வந்தது. இவற்றின் வழியாகக் கூலியை விடாமல் பட்டம் வாங்க நம் ஆட்களுக்கு ஒரு சந்து கிடைத்தது. பகலெல்லாம் வகுப்பில் உட்கார்ந்து படிப்பது ஒழுங்கான படிப்பு, பகலெல்லாம் உழைத்துவிட்டு ராத்திரியில் படிப்பது ஒழுங்கில்லாத படிப்பு! சொல்லே அப்படித்தான் பிரிக்கிறது. உழைப்பவன் படித்தால் அது முழுப் படிப்பு ஆகாது என்பது பழைய தர்ம சாஸ்திரத்தின் மிச்சம் அல்லாமல் வேறு என்ன?

நம் ஆட்களிடமும் ஒரு குறை இருக்கிறது. நேரம் இல்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் உடனே அண்ணலைக் காட்டுகிறோம். அவர் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படித்தார் தெரியுமா, லண்டன் நூலகத்தில் ரொட்டித் துண்டோடு உட்கார்ந்தார் தெரியுமா என்று. இதைச் சாட்டை மாதிரிப் பயன்படுத்துகிறோம். அண்ணலின் கதையை முழுதாகச் சொன்னால் அது வேறு பாடம் சொல்லும். பரோடா அரசின் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் லண்டன் படிப்பை நடுவில் விட்டுவிட்டுத் திரும்பினார். அவருடைய புத்தகங்கள் தனியாக ஒரு கப்பலில் வந்தன. போரில் அந்தக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, நண்பர் நேவல் பத்தேனாவிடம் கடன் வாங்கி, கோலாப்பூர் சாகு மகராஜின் உதவியும் கிடைத்துத்தான் 1920இல் மறுபடி லண்டன் போனார். அந்தக் காலமெல்லாம் பம்பாயில் வறுமையோடு குடும்பத்தைத் தாங்கியது ரமாபாய். பெற்ற பிள்ளைகளில் யஷ்வந்த் ஒருவர்தான் பிழைத்து வளர்ந்தார். 1935இல் ரமாபாயும் போய்விட்டார். ஒருவர் படிக்க, இன்னொருவருடைய பொழுது மொத்தமாகச் செலவாகியிருக்கிறது. வேலையில் இருக்கிற தலித் பெண் படிக்கும்போது அண்ணலாகவும் அவளே இருக்கணும், ரமாபாயாகவும் அவளே இருக்கணும். இதை ஒத்துக்கொண்டுதான் 'படி' என்று சொல்லணும்.

சரி, இவ்வளவு கொடுத்து வாங்குகிற படிப்பில் என்னதான் இருக்கிறது?

முதல் நாள் முதல் பெயர் எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் நூலகர் ஆனார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியது. 1929இல் அந்தச் சங்கம் கோடைக்கால வகுப்பாக நூலகப் பயிற்சியைத் தொடங்கியது. 1931இல் பல்கலைக் கழகம் அதை எடுத்துக்கொண்டது. கோடையில் வகுப்பு என்றால் பள்ளிக்கூட வாத்தியார் வரலாம், சம்பளத்தை விடாமல் படிக்கலாம். ஆக இந்தப் படிப்பு நம் ஊரில் பிறந்ததே வேலை செய்கிறவர்களுக்குத் தோதான நேரத்தில்தான். ரெகுலர், கரஸ் என்று பிரிக்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அதே 1931இல் ரங்கநாதனின் ஐந்து விதிகள் புத்தகமாக வந்தன. நான்காவது விதி, வாசகருடைய நேரத்தை நூலகம் மிச்சப்படுத்த வேண்டும் என்பது. பரீட்சைக்கு எல்லாரும் மனப்பாடம் செய்கிற விதி. புத்தகத்தைத் தேடி அலையவிடாதே, சரியாக அடுக்கு, பட்டியலைத் தெளிவாக வை என்று விளக்கம் எழுதினால் மதிப்பெண். எனக்கு அந்த விதி வேறு மாதிரிப் படுகிறது. யாருடைய நேரம்? பொதுவாகக் கிளை நூலகங்கள் காலையும் மாலையும் சில மணி நேரம் திறந்துவிட்டுக் கதவைச் சாத்துகின்றன. கட்டட வேலைக்குப் போகிறவர், ஏற்றுமதிக் கம்பெனியில் தையல் மிஷினில் உட்காருகிறவர், என்னைப் போல் 7 மணிக்கு ரயிலை விட்டு இறங்குகிறவர், இவர்கள் அந்த விதியில் வாசகர்களா இல்லையா? அதே 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகப் போன நடமாடும் நூலகத்தைப் பற்றியும் பாடம் இருக்கிறது. நல்ல காரியம்தான். அந்த வண்டி ஊரோடு நின்றதா, சேரிக்குள்ளும் போனதா என்று என் பாடப் புத்தகத்தில் கேள்வி இல்லை.

வரி மட்டும் சேரிக்குள் வந்துவிடும். 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதன்படி சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்குகிறார்கள். இப்போது அது ரூபாய்க்கு 10 பைசா. பம்மல் தனி நகராட்சியாக இருந்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ரசீதைப் பார்த்தால் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். ஓட்டு வீட்டுக்காரரும் கட்டுகிறார். கட்டியவர் என்ற முறையில் நூலகத்தின் கதவு எத்தனை மணிக்குத் திறக்கணும் என்று கேட்கிற உரிமை நமக்கு உண்டு. இதை எனக்குச் சொல்லித் தந்தது இந்தப் படிப்புதான். எத்தனையோ மேடையில் பேசியிருக்கிறேன். நூலக வரி பற்றி அங்கே யாரும் பேசிக் கேட்டதில்லை.

அடுத்த பெயர் டூயி. வகுப்பில் ஒரு தம்பி எழுந்து, "அம்பேத்கரோட புரொபசரா சார்?" என்று கேட்டான். அவன் கேட்டது நியாயம். கொலம்பியாவில் அண்ணலுக்கு ஆசிரியராக இருந்தவர் ஜான் டூயி. நூலகத்து டூயி வேறு. மெல்வில் டூயி. 1876இல் அறிவு முழுவதையும் பத்து வகுப்பாகப் பிரித்து எண் கொடுத்தவர். 1887இல் நூலகப் படிப்புக்கு முதல் பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார், அதுவும் அதே கொலம்பியாவில். பெண்களைச் சேர்த்துக்கொண்டதால் நிர்வாகத்தோடு சண்டை. அதே ஆள் நடத்திய லேக் பிளாசிட் கிளப்பில் யூதருக்கும் கறுப்பருக்கும் இடம் கிடையாது. பெண்களிடம் முறைகேடாக நடந்தார் என்ற புகாரும் உண்டு. 2019இல் அமெரிக்க நூலகச் சங்கம் தன்னுடைய விருதிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டது. பெயர் போயிற்று. எண் போகவில்லை. உலகம் முழுக்க அலமாரியில் இருப்பது அவர் போட்ட வரிசைதான்.

அந்த வரிசையைப் பாருங்கள். 800 இலக்கியம். 810 அமெரிக்கா, 820 ஆங்கிலம், 830 ஜெர்மன், 840 பிரெஞ்சு என்று வரும். 890க்குப் பெயர் 'மற்றவை'. அதற்குள்ளே 894.811 தமிழ். சங்க இலக்கியத்திலிருந்து நேற்று வந்த கவிதை வரை எல்லாம் அந்தப் புள்ளிக்குப் பின்னால். மதமும் அப்படித்தான். 220இலிருந்து 280 வரை கிறிஸ்தவம், மற்ற மதங்களெல்லாம் 290இல் நெருக்கியடித்துக்கொண்டு. அண்ணலின் பௌத்தம் 294.3. தமிழ் எம்.ஏ. படித்த ஒருவர் இதைப் பார்த்ததும் வகுப்பிலேயே கொதித்தார். "நம்ம தமிழை ஒதுக்கி வச்சிருக்கான் பாருங்க!" நான் சொன்னேன்: "ஊருக்கு வெளியே வைக்கிறது எப்படி இருக்கும்னு இப்ப தெரியுதா, அண்ணா?" அவர் சிரித்தார். கோபப்படவில்லை.

எங்க பம்மலையே எடுத்துக்கொள்ளுங்கள். நூலகப் பட்டியலில் பம்மல் என்று தட்டினால் முதலில் வருவது பம்மல் சம்பந்த முதலியார். 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கி நாடகத்தை மாற்றியவர். மறுக்கவில்லை. எம்.ஏ.வில் நானும் படித்தேன். அவர் 894.8112இல் இருக்கிறார். எங்க நைனா எங்கே இருக்கிறார்? தோல் பதனிடும் தொழில் 675. அங்கே உப்பு எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்று இருக்கும். தோலை இழுத்தவர் இருக்க மாட்டார். தோல் கழிவால் கெட்ட தண்ணீர் 363.73, மாசு. அங்கே ஆறு இருக்கும், கிணறு இருக்கும். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சட்டப் பகுதிக்குப் போய்விடும். சாதி 305.5இல். ஒரே மனிதரின் ஒரே உடம்பு நாலு அலமாரியில் நாலு துண்டாகக் கிடக்கிறது. நாலையும் சேர்த்துப் பார்க்க நினைக்கிற பிள்ளைக்கு வழி காட்டுகிற சீட்டு எதுவும் இல்லை.

வகைப்பாட்டுச் செய்முறை வகுப்பில் ஒருநாள் பாமாவின் 'கருக்கு' வந்தது. 1992இல் வந்த புத்தகம். நாவல் என்றால் 894.8113. தன்வரலாறு என்றால் வேறு எண். சமூகவியல் என்றால் 305.568. அந்த எண்ணுக்கு டூயி முறையில் கொடுத்திருக்கிற தலைப்பின் பொருள் 'அந்நியப்பட்ட, ஒதுக்கப்பட்ட வகுப்பினர்'. தலித் என்றால் பெரும்பாலும் அங்கேதான் கொண்டுபோய் விடுகிறார்கள். நான் வேலை செய்கிற இடத்தில் தலித் கவிஞர் ஒருவரின் கவிதைத் தொகுப்பையே அந்த எண்ணில் வைத்திருந்தார்கள். சீட்டை ஒட்டியது நான். கவிதை எழுதியவர் கவிஞராக முடியவில்லை. மற்றவர்கள் எழுதினால் இலக்கியம், நாம் எழுதினால் ஆதாரம்! ஆனால் 894.8111இல் மட்டும் வைத்துவிட்டால் போதுமா என்றால் அதுவும் இல்லை. ஆயிரம் கவிதைப் புத்தகத்துக்கு நடுவே அது கரைந்துவிடும். நம் எழுத்தைத் தேடி வருகிற சேரிப் பிள்ளை கண்டுபிடிக்காது.

இதே சிக்கலை அமெரிக்காவில் ஒரு கறுப்புப் பெண் நம் காலத்துக்கு வெகு முன்னாலேயே சந்தித்தார். டோரதி போர்ட்டர். 1928இல் வாஷிங்டன் ஹோவர்ட் பல்கலைக் கழக நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1930இல் அங்கே கறுப்பர் பற்றிய நூல் தொகுப்பு அவர் பொறுப்புக்கு வந்தது. வேலைக்கு நடுவிலேதான் படிப்பும். 1932இல் கொலம்பியாவில் நூலகவியல் முதுகலைப் பட்டம் பெற்றார். அங்கே அந்தப் பட்டம் வாங்கிய முதல் கறுப்பர் அவர். டூயி பள்ளிக்கூடம் தொடங்கிய கொலம்பியா, அண்ணல் படித்த கொலம்பியா. அப்போது கறுப்பர் சம்பந்தப்பட்ட புத்தகம் என்றால் இரண்டே எண்ணில் போட்டுவிடுவார்கள். 326 அடிமைமுறை. 325 குடியேற்றம். கறுப்பர் எழுதிய கவிதைத் தொகுப்பைக்கூட 325இல் வைத்தார்கள் என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். போர்ட்டர் அதை ஏற்கவில்லை. கவிதையைக் கவிதையில் வைத்தார், வரலாற்றை வரலாற்றில் வைத்தார், எழுதியவர் பெயரை முன்னுக்குக் கொண்டுவந்தார். கறுப்பர் எல்லாத் துறையிலும் இருக்கிறார்கள் என்பதை அலமாரியே சொல்லும்படி செய்தார். ஊர்வலம் போகவில்லை, கோஷம் போடவில்லை. எண்ணை மாற்றினார். அதை மாற்றுகிற மேசையில் உட்கார அவருக்குப் பட்டம் தேவைப்பட்டது.

தோழர் கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில். அலமாரியில் ஒரு புத்தகத்துக்கு ஒரு இடம்தான். ஆனால் பட்டியலில் அப்படி இல்லை. பொருள் தலைப்பு என்று ஒன்று உண்டு. ஒரே புத்தகத்துக்குப் பல தலைப்புக் கொடுக்கலாம். 'கருக்கு'க்குத் தமிழ் இலக்கியம், தன்வரலாறு, தலித் பெண்கள், கிறிஸ்தவத்தில் சாதி என்று நாலு வாசல் வைக்கலாம். தோல் தொழில் பற்றிய புத்தகத்துக்குத் தொழிலாளர் என்ற வாசலும், பம்மல், நாகல்கேணி என்று இடத்தின் பெயரும் சேர்க்கலாம். சேர்க்க நாலு நிமிஷம் ஆகும். சேர்க்கணும் என்று தோன்றுகிற ஆள் அந்த மேசையில் இருக்கணும். அந்த ஆளுக்குச் சேரி தெரிந்திருக்கணும், தொழிலும் தெரிந்திருக்கணும். தொழில் தெரியாமல் நாம் போடுகிற கூச்சலை அவர்கள் 'ரூல்ஸ்' என்ற ஒரு வார்த்தையில் அடைத்துவிடுவார்கள்.

அம்மாவுக்கும் பதில் இருக்கிறது. புத்தகத்தை எடுத்து அடுக்கப் பட்டம் வேண்டாம் என்பது உண்மை. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ராயப்பேட்டையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையை எடுத்துக்கொள்வோம். அடுத்த வருஷத்திலிருந்து அது 'தமிழன்'. 1914இல் அவர் மறைந்தார். பெரிய நூலகங்களும் பல்கலைக் கழகங்களும் அவரை மறந்திருந்த காலத்தில் அவர் எழுத்தை மறுபடி மறுபடி அச்சுப்போட்டுக் காப்பாற்றியவர்கள் கோலார் தங்கவயலின் பௌத்தர்கள். மாரிக்குப்பத்துச் சித்தார்த்தா புத்தகசாலை அவர்களுடையது. பூமிக்குள் இறங்கிப் பாறை உடைத்த சனங்களின் ஊர் அது. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' பாளையங்கோட்டையிலிருந்து வந்தது. அதன் பிறகுதான் தமிழ்த் துறைகள் திரும்பிப் பார்த்தன. நடுவில் இருந்த ஏறக்குறைய எண்பது ஐந்து வருஷத்துக்கு அந்தச் சனங்கள்தான் நூலகர்கள். பட்டமும் சம்பளமும் அவர்களுக்கு இல்லை. அதனால்தான் பட்டியலில் அவர்கள் பெயரும் இல்லை. அம்மா, அடுக்கத் தெரிந்தவர்கள் நாம். அடுக்கியதை நம்முடையது என்று எழுதி வைக்கத்தான் இந்தப் படிப்பு.

வேலையோடு படிக்கிறவர்களுக்காகச் சிலவற்றைக் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது. தேர்வு நாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும், தனியார் கல்லூரியிலும்தான். நேர்முக வகுப்பைச் சனிக்கிழமையில் வைக்காமல் ஞாயிறில் வைக்க வேண்டும். அதைத் தாம்பரம், செங்கல்பட்டு என்று அந்தந்தப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். நூலகத்தில் பல வருஷம் ஒட்டியும் அடுக்கியும் கற்றதற்குச் செய்முறைப் பாடத்தில் மதிப்புக் கொடுக்க வேண்டும். கிளை நூலகம் வாரத்தில் சில நாளாவது ராத்திரி 9 மணி வரை திறந்திருக்க வேண்டும். வரி கட்டுகிறவர் வேலை முடிந்து வந்து உட்காரணும். இவை பெரிய புரட்சி இல்லை. ஆனால் இதற்காக நாம் இன்னும் ஒரு மனுகூடக் கொடுக்கவில்லை. இந்த மாதம் மாவட்ட நூலக ஆணைக் குழுவுக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

எங்க தெருவில் படிப்பகம் ஒன்று இருக்கிறது. தகரக் கூரை, ஒரு மர அலமாரி, இரண்டு இரும்பு அலமாரி. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய புத்தகக்காரரிடம் எடைக்கு வாங்கியதும் அதில் உண்டு. ஞாயிறு ராத்திரிகளில் நானும் பிளஸ் டூ படிக்கிற இரண்டு பிள்ளைகளும் உட்கார்ந்து அதற்குப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறோம். டூயி எண்ணும் போடுகிறோம், நம் தலைப்பும் போடுகிறோம். புத்தகத்தைவிட முக்கியம் வேறு ஒன்று. நாம் போட்ட துண்டறிக்கைகள், கூட்ட அழைப்புகள், நின்றுபோன சிறுபத்திரிகைகள், போலீசுக்குக் கொடுத்த மனுக்களின் நகல்கள். இவற்றை எந்த நூலகமும் கேட்டு வாங்காது. நம் வீட்டுப் பரணில் கரையான் தின்கிறது. தோழர்கள் அவற்றைத் தூக்கிப் போட வேண்டாம். பின்பக்கத்தில் பென்சிலால் தேதி, ஊர், யார் போட்டது என்று மூன்று விஷயம் மட்டும் எழுதி வையுங்கள். எண்ணை நாங்கள் போட்டுக்கொள்கிறோம்.